சுண்ணாம்பாற்றில் படகேறும் முன்

கடலைப் பார்க்கப் புதுச்சேரிக்கு வருகிறவர்கள், நிதானமாகப் படகில் போகவேண்டும் என்றால் ஆற்றுக்குத்தான் வரவேண்டும். நகரத்துக்கு எதிரே உள்ள கடலில் அலை ஓயாமல் கரையை அறையும். படகு ஒதுங்க ஒரு குடா கிடையாது. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிய 18ஆம் நூற்றாண்டில் கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களும் சரக்கும் சலங்கு என்ற படகுகளில்தான் கரை சேரவேண்டும். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, ரோமானிய உலகத்தோடு வணிகம் செய்தவர்கள் ஆற்றங்கரையாகப் பார்த்து அரிக்கமேட்டில் தங்கியிருந்தார்கள். 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது மதுச்சாடிகளின் உடைசல்களும் ரோமானியப் பாண்டங்களும் கிடைத்தன.

செஞ்சிப் பக்கமிருந்து வரும் சங்கராபரணி, கடலை நெருங்கும்போது இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது அரியாங்குப்பம் ஆறு, தெற்கே போவது சுண்ணாம்பாறு. அரியாங்குப்பம், வீராம்பட்டினம், அரிக்கமேடு எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கின்றன. சுற்றுலாப் படகுகள் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இந்த இரண்டு கிளைகளிலும் மீனும் இறாலும் நண்டும் பிடித்துப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். பிழைப்புக்காக நீரில் இருப்பவருக்கு முதலில் வழி என்ற ஒரே விதியைப் பிடித்துக்கொண்டால், இந்த அத்தியாயத்தில் வரும் மற்ற விதிகளில் பெரும்பாலானவை தானாகவே விளங்கிவிடும்.

எங்கே ஏறுவது

சுண்ணாம்பாறு படகு குழாம், நகரத்திலிருந்து சுமார் 8 கி.மீ. தெற்கே, கடலூர் சாலையில் நோணாங்குப்பத்தில் இருக்கிறது. நடத்துவது புதுச்சேரி சுற்றுலா வளர்ச்சிக் கழகம். கடலூர் போகும் பேருந்தில் ஏறினால் முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம் பாலம் தாண்டி நோணாங்குப்பத்தில் இறங்கலாம். சுண்ணாம்பாற்றுப் பாலம் வந்துவிட்டால் இடத்தைத் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். முகத்துவாரத்தை ஒட்டிய மணல் திட்டான பாரடைஸ் பீச்சுக்குப் போகும் படகுகளும், ஆற்றுக்குள்ளேயே சுற்றிவரும் படகுகளும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. கட்டணமும் நேரமும் அவ்வப்போது மாறும். சீட்டுக் கவுன்ட்டரில் உள்ள பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாரடைஸ் பீச்சுக்குப் போகிறவர்கள் கடைசிப் படகு அங்கிருந்து எத்தனை மணிக்குத் திரும்பும் என்பதைக் கேட்காமல் ஏறக் கூடாது.

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகம் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கிறது. அது வேலை நடக்கும் துறை. பனிக்கட்டி வண்டி, மீன் கூடை, ஏலம், டீசல் கேன் என்று காலையில் நடக்க இடம் இருக்காது. வேடிக்கை பார்க்கப் போனால் ஓரமாக நின்று பாருங்கள். கட்டியிருக்கும் விசைப்படகில் அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும். சும்மா நிற்கும் படகுதானே என்று ஏறிப் படம் எடுக்க வேண்டாம். வலை பழுதுபார்ப்பதும் மராமத்தும் அப்போதுதான் நடக்கும்.

எப்போது போவது

காலை நேரம் நல்லது. வெயில் ஏற ஏறக் கடற்காற்று எழும்பும்; பிற்பகலில் முகத்துவாரத்துப் பக்கம் நீர் சுருக்கம் சுருக்கமாக எழுந்து சிறு படகை ஆட்டும். துடுப்புப் படகோ கயாக்கோ எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் கணக்கில் வைக்கவேண்டும். போகும்போது காற்றும் நீரோட்டமும் பின்னாலிருந்து தள்ளினால், திரும்பும்போது இரண்டையும் எதிர்த்துத் துடுப்புப் போடவேண்டியிருக்கும். அதனால் முதல் பாதியை எதிர்நீரில் போய்விட்டு, கை சோரும் நேரத்தில் நீரோட்டத்தோடு திரும்பும்படி திட்டமிடுங்கள். கடல் ஏற்றமும் வற்றமும் நாளுக்கு இரண்டு முறை மாறிமாறி வரும். வற்றத்தில் கண்டல் மரங்களுக்கு நடுவே உள்ள ஓடைகளில் சேறு தட்டும். ஏற்றத்தில்தான் உள்ளே போகமுடியும். எந்த நேரத்தில் தண்ணீர் ஏறுகிறது என்று படகுக்காரரைக் கேட்டால் சொல்லிவிடுவார்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். உள்ளூரில் மழை இல்லை என்பதை மட்டும் பார்த்துக் கிளம்பக் கூடாது. சங்கராபரணியின் மேல்பகுதியில், விழுப்புரம் மாவட்டத்தில், வீடூர் அணை இருக்கிறது. அது நிரம்பித் திறந்துவிட்டால், புதுச்சேரியில் வானம் வெளுத்திருக்கும்போதே ஆற்றில் செந்நீர் பாயும். மரக்கட்டையும் ஆகாயத்தாமரையும் மிதந்து வரும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழைக்குப் பிறகு ஆற்றின் அடிமணல் இடம் மாறியிருக்கும். போன மாதம் ஆழமாக இருந்த இடம் இன்று திட்டாக இருக்கலாம். படகு நிறுத்தம் என்று பலகை வைத்திருந்தால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள்.

சீட்டு எடுக்கும் முன் பார்ப்பது

முதலில் எண்ணிக்கை. எத்தனை பேர் ஏறலாம் என்பது படகில் எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் கேளுங்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டால் கணக்கில் வராது என்று நினைக்கக் கூடாது. குழந்தையும் ஓர் ஆள்தான். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றி, அளவுக்கு மீறி ஆளேற்றி, இருட்டிய நேரத்தில் ஓட்டியதில் 22 பேர் இறந்தார்கள். அதிகப்படி ஆள், மாற்றியமைத்த படகு, இருட்டு ஆகிய மூன்றில் எது தென்பட்டாலும் ஏற வேண்டாம்.

அடுத்தது லைஃப் ஜாக்கெட். வாங்கி மடியில் வைப்பதற்கல்ல. கரையிலேயே போட்டு, எல்லாக் கொக்கிகளையும் மாட்டி, வாரை இழுத்துக் கட்டவேண்டும். பிறகு பக்கத்தில் நிற்பவரை ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். அது காது வரை ஏறி வந்தால் உங்களுக்குப் பெரிது. தண்ணீரில் அது மட்டும் மிதக்கும், நீங்கள் அதற்குள்ளிருந்து நழுவுவீர்கள். குழந்தைகளுக்குக் குழந்தை அளவுதான் வேண்டும், கால்களுக்கு நடுவே போகும் வாரும் வேண்டும். “நான் நீச்சல் தெரிஞ்சவன்” என்பவருக்கும் விலக்கில்லை. தலை படகில் இடித்து மயங்கியவருக்கு நீச்சல் உதவாது.

தனியாரிடம் படகோ கயாக்கோ எடுப்பவர்கள் பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். 1917ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2021ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி, இயந்திரத்தால் ஓடும் படகுக்குப் பதிவும் தகுதிச் சான்றும் தேவை. கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். வார இறுதியில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரும் கூட்டத்தில் ஒரு பகுதி எதற்காகப் புதுச்சேரிக்கு வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். குடித்திருந்தால் படகு வேண்டாம். ஆடும் தளத்தில் நிற்கும் நிதானம் முதலில் போகும். விழுந்தபின் மூச்சைப் பிடிக்கும் சுதாரிப்பும் இருக்காது.

ஏறுவதும் இறங்குவதும்

துறையில் வரிசை உண்டு. வந்து நிற்கும் படகிலிருந்து இறங்குகிறவர்கள் முழுவதும் இறங்கிய பிறகே ஏறவேண்டும். ஏறும்போது ஒருவர்பின் ஒருவராக, காலைப் படகின் நடுவில் வையுங்கள். விளிம்பில் மிதித்தால் படகு அந்தப் பக்கமே சாயும். பையையும் கைப்பேசியையும் முன்னதாகக் கொடுத்துவிட்டு இரண்டு கைகளையும் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். படகுக்கும் துறைச் சுவருக்கும் நடுவே விரல் போகக் கூடாது. ஒரு சின்ன அலை போதும், எலும்பு நொறுங்கிவிடும். முந்தானையையும் துப்பட்டாவையும் இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். பின்பக்க எஞ்சினுக்கு அருகே உட்கார்பவர்களுக்கு இது மிக முக்கியம்.

உட்கார்ந்த பிறகு, “அக்கா, நீங்க ரெண்டு பேரும் இந்தப் பக்கம் வாங்க” என்று படகுக்காரர் சொன்னால் உடனே மாறுங்கள். அவர் எடையைச் சமன் செய்கிறார், குடும்பத்தைப் பிரிக்கவில்லை. வழியில் மீன்கொத்தி தெரிந்தாலும் சரி, கொக்குக் கூட்டம் பறந்தாலும் சரி, எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து போகக் கூடாது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ஜலகன்னிகா என்ற படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. செல்ஃபி எடுக்கப் படகின் முன்முனையான அணியத்தில் போய் நிற்பதும் இதே வகைதான். ஓட்டுபவருக்கு எதிரே வருவதும் தெரியாது.

எதிரே படகு வந்தால்

துடுப்பையோ சுக்கானையோ நீங்களே பிடிக்கப்போகிறீர்கள் என்றால் முதலில் மனதில் பதிக்கவேண்டியது: சாலையில் நாம் இடப்பக்கம் போகிறோம், தண்ணீரில் வலப்பக்கம் போகவேண்டும். 1972ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகள் சொல்வது அது. உலகின் பெரும்பாலான நீர்வழிகளில் பழக்கமும் அதுவே. எதிரும் புதிருமாக வந்தால் இருவரும் வலப்பக்கம் ஒதுங்கவேண்டும். குறுக்கே வரும் படகு உங்களுக்கு வலப்பக்கம் இருந்தால் நீங்கள் வழிவிட வேண்டும். முந்துபவர்தான் விலகிப் போகவேண்டும். முந்தப்படுபவர் தன் வழியில் நேராகப் போகலாம். எஞ்சின் படகு, துடுப்பிலும் பாயிலும் போகும் படகுகளுக்கு வழிவிடுவது நல்லது. அவர்களால் சட்டென்று திரும்ப முடியாது.

ஊதல் ஒலிக்கும் கணக்கு உண்டு. ஒரு சிறு ஊதல் என்றால் வலப்பக்கம் திரும்புகிறேன். இரண்டு என்றால் இடப்பக்கம். மூன்று என்றால் எஞ்சினைப் பின்னோக்கி இயக்குகிறேன். ஐந்து சிறு ஊதல் வந்தால், நீ என்ன செய்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை என்பது பொருள். உடனே வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குப் பின்னால் தெரியாத இடத்தில் ஒரு நீண்ட ஊதல் கொடுக்கவேண்டும். ஆனால் எதிரே வரும் கட்டுமரத்துக்காரரிடம் ஊதல் இருக்காது. கையை உயர்த்தி எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று காட்டுவதே அங்கே மொழி.

அலை எழுப்பாமல் போவது

படகு பின்னால் விட்டுச்செல்லும் அலைக்கு ஓட்டுபவரே பொறுப்பு. பலர் செய்யும் தவறு, கரையோரமும் மற்ற படகுகள் அருகிலும் அரை வேகத்துக்குக் குறைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைப்பது. ஸ்பீடு போட் முழு வேகத்தில் நீரின்மேல் எழும்பிப் போகும். மிக மெதுவாகப் போனால் நீரைக் கிழித்துப் போகும். இரண்டுக்கும் இடைப்பட்ட வேகத்தில்தான் அணியம் தூக்கி, பின்முனையான அமரம் அமிழ்ந்து, மிகப் பெரிய அலையைக் கிளப்பும். அதனால் குறைப்பதானால் நன்றாகக் குறைக்கவேண்டும், வெகு முன்பாகவே குறைக்கவேண்டும். பின்னால் திரும்பிப் பாருங்கள்: நீர் தட்டையாக மூடிக்கொண்டால் சரி, நுரைத்து மடிந்தால் இன்னும் குறையுங்கள்.

வாடகைப் படகில் பயணியாக இருந்தால் உங்களுக்கு வேலை இல்லை என்று நினைக்கவேண்டாம். “வேகமா விடுங்கண்ணே” என்று பயணிகள் கத்துவதால்தான் பாதி அலை எழுகிறது. துடுப்புப் படகையோ வலைக்காரரையோ தாண்டும்போது “அண்ணே, கொஞ்சம் மெதுவா போகலாம், அவசரம் இல்ல” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பெரும்பாலும் படகுக்காரருக்கும் அதுதான் விருப்பம்.

வலை கிடக்கும் இடத்தில்

இடுப்பளவு நீரில் வீச்சு வலையைத் தோளில் மடித்துப் போட்டு ஒருவர் அசையாமல் நிற்பதைச் சுண்ணாம்பாற்றில் பார்ப்பீர்கள். அவர் சும்மா நிற்கவில்லை. நீர்ப்பரப்பில் மீன் புரளும் சின்னச் சலனத்துக்காகக் காத்திருக்கிறார். உங்கள் படகின் அலை அவரைத் தொட்டதும் அந்தச் சலனம் அழிந்துவிடும், மீனும் கலைந்துவிடும். வலையை இறக்கிவைத்து மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். தூரத்திலேயே எஞ்சினைத் தணித்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கும் திசைக்கு எதிர்ப்புறமாக, முதுகுக்குப் பின்னால் போய்விடுங்கள்.

நீரில் வரிசையாக மிதக்கும் தெர்மாக்கோல் துண்டையோ பிளாஸ்டிக் கேனையோ குப்பை என்று எண்ணி மேலேற்றிவிடாதீர்கள். அடியில் வலை கிடக்கும். எந்தப் பக்கம் போகலாம் என்று தெரியாவிட்டால், படகில் இருப்பவரைப் பார்த்துக் கேளுங்கள்: “அண்ணே, எந்தப் பக்கமா போகட்டும்?” கையைக் காட்டுவார். தப்பித்தவறி வலை சிக்கிவிட்டால் எஞ்சினை உடனே நிறுத்துங்கள். கியரை முன்னும் பின்னும் போட்டால் இன்னும் சுற்றிக்கொள்ளும். எஞ்சினைத் தூக்கிக் கையால் பிரியுங்கள். கத்தியைக் கடைசியில்தான் எடுக்கவேண்டும், அதுவும் வலைக்குச் சொந்தக்காரரைக் கூப்பிட்டுக் காட்டிய பிறகு. கிழிந்ததற்கு ஈடு கொடுப்பது தாராளம் ஆகாது, அது கடன். மீன் பிடிப்பவரையோ கரையில் நண்டு பிரிக்கும் பெண்களையோ படம் எடுக்கும் முன் கேட்பதும் இதே மரியாதையில் சேர்ந்தது.

கண்டல் ஓடைகளிலும் மணல் திட்டிலும்

அரியாங்குப்பம் ஆற்றின் ஓரத்திலும் தேங்காய்த்திட்டிலும் உள்ள கண்டல் காட்டுக்குள் கயாக் போகலாம். அலையாத்தி மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக நீட்டிக்கொண்டிருப்பவை அதன் மூச்சு வேர்கள். அவற்றை மிதித்து இறங்கினால் மரம் மூச்சடைக்கும். வேர்களில் ஒட்டியிருக்கும் சிப்பி உங்கள் பாதத்தையும் கிழிக்கும். துடுப்பால் வேரைத் தள்ளாதீர்கள், கிளையைப் பிடித்து இழுக்காதீர்கள். ப்ளூடூத் ஸ்பீக்கரை விடுதியிலேயே வைத்துவிட்டு வாருங்கள். ஓடை குறுகலான இடத்தில் உள்ளே போகிறவர் ஒதுங்கி நின்று, வெளியே வருபவரை முதலில் விடவேண்டும்.

பாரடைஸ் பீச்சில் இறங்கியதும் ஆற்றின் அமைதியை வைத்துக் கடலை எடைபோடாதீர்கள். கடற்பக்கம் கரை சட்டென்று சரியும், இழுப்பும் உண்டு. நீந்த ஏற்ற இடம் அல்ல. கணுக்கால் நனைத்தால் போதும். ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கடற்கரை நெடுக ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிட வரும். மணலில் தோண்டுவதும் கண்ணாடிப் பாட்டில் விடுவதும் கூடாது. கொண்டுவந்த குப்பை உங்களோடு படகில் திரும்பவேண்டும்.

முகத்துவாரத்துக்கு வெளியே போகச் சொல்லிப் படகுக்காரரை வற்புறுத்தாதீர்கள். ஆற்றுநீர் வெளியே பாயும் நேரத்தில் எதிரே கடற்காற்று அடித்தால், மணல் திட்டின்மேல் அலை செங்குத்தாக எழுந்து உடையும். வழி தெரிந்த மீனவர்களே அங்கே படகைப் பறிகொடுத்திருக்கிறார்கள்.

யாராவது விழுந்துவிட்டால்

உரக்கக் கத்தி எல்லோருக்கும் தெரிவியுங்கள். ஒருவர் விழுந்தவரைக் கையால் சுட்டிக்கொண்டே இருக்கவேண்டும், கண்ணை எடுக்கக் கூடாது. மிதவை வளையத்தையோ காலிக் கேனையோ எறியுங்கள்; நீங்களும் குதிக்காதீர்கள். எதிர்நீரில் மெல்ல அணுகி, அவர் பக்கத்தில் வந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் தூக்கவேண்டும். படகே கவிழ்ந்தால் அதைப் பிடித்துக்கொண்டு மிதந்திருங்கள்; கரை பக்கம்தானே என்று நீந்தத் தொடங்க வேண்டாம். அவசர உதவிக்கு 112, கடலோரக் காவல்படைக்கு 1554.

சொந்தப் படகு வைத்திருப்பவர்களுக்கு

கரை அணையும்போது எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்து வாருங்கள். படகு தானாகவே வேகம் இழக்கும், திருப்புவது உங்கள் கையில் இருக்கும். முதலில் அணியத்துக் கயிறு, பிறகு அமரத்துக் கயிறு. மீனவர்கள் வழக்கமாகக் கட்டும் முளையில் அவர்கள் கடலுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துக் கட்டாதீர்கள். விடிகாலையில் மீனோடு திரும்புபவருக்கு இடம் இருக்காது. எஞ்சின் நிறுத்தும் கயிற்றை மணிக்கட்டில் மாட்டாமல் படகை எடுக்கக் கூடாது. டீசலைப் படகில் ஊற்றும்போது சிந்தினால் துணியால் ஒற்றி எடுங்கள். சோப்புத்தூள் போட்டு ஆற்றில் தள்ளாதீர்கள். இருட்டுமுன் திரும்பிவிடுவதே நல்லது. தவிர்க்க முடியாவிட்டால் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை விளக்கு வேண்டும்.

கிளம்பும் முன் ஒரு முறை

1. மேலே மழை, அணைத் திறப்பு, புயல் எச்சரிக்கை உண்டா என்று விசாரித்தாயிற்றா?
2. படகில் ஏறலாம் என்று எழுதிய எண்ணிக்கைக்குள் இருக்கிறோமா, குழந்தைகளையும் சேர்த்து?
3. எல்லோர் லைஃப் ஜாக்கெட்டும் கொக்கி மாட்டி இறுக்கியாயிற்றா?
4. திரும்பும் கடைசிப் படகின் நேரம் எல்லோருக்கும் தெரியுமா?
5. குடிநீர், தொப்பி, குப்பைக்கு ஒரு பை, நீர் புகாத உறையில் ஒரு கைப்பேசி இருக்கிறதா?
6. எங்கே போகிறோம், எப்போது வருவோம் என்று கரையில் ஒருவரிடம் சொல்லியாயிற்றா?

ஆறில் ஒன்றுக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தாலும் அந்தப் படகை விட்டுவிட்டு, சரிசெய்துகொண்டு அடுத்த படகில் ஏறுங்கள்.